பக்கத்துச் சுவிட்சு

அமெரிக்கச் சிறு விமானங்களின் விபத்துப் பதிவேடுகளில் ஒரே மாதிரியான ஒரு விபத்து பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வானம் தெளிவாக இருக்கும். எஞ்சின் ஒழுங்காக ஓடும். விமானி சக்கரங்களை இறக்கி, அவை பூட்டிக்கொண்டதை விளக்கைப் பார்த்து உறுதிசெய்து, அலுங்காமல் ஓடுபாதையைத் தொட்டிருப்பார். தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இனி ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் மூச்சுவிடும் நேரத்தில், சக்கரங்கள் மடங்கும். மூக்கு தாழ்ந்து, முன்விசிறியின் அலகுகள் தரையில் அடிபட்டு வளையும். விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போய் நிற்கும். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் காயமின்றி இறங்கிவிடுவார்கள். விசாரித்தால் விமானி சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஃப்ளாப்பை ஏற்றுவதற்காகத்தான் கை வைத்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘விமானி தவறுதலாகச் சக்கரத்தை மடக்கினார்’ என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டதால்தான், 1940-களிலேயே மருந்து தெரிந்துவிட்ட ஒரு விபத்து 1980-கள் வரை சிறு விமானங்களை உடைத்துக்கொண்டிருந்தது என்பது என் வாதம்.

இறங்கி முடித்த விமானத்தில் விமானி ஏன் அவசரமாக ஒரு சுவிட்சைத் தேட வேண்டும்? ஃப்ளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே தாழும் பலகை. இறங்கும்போது அதைத் தாழ்த்தினால் குறைந்த வேகத்திலும் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்கும். தரையைத் தொட்ட பிறகு அதே தூக்குவிசை தொல்லையாகிவிடுகிறது. விமானத்தின் எடையில் ஒரு பகுதியை இறக்கை இன்னும் தாங்கிக்கொண்டிருப்பதால் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காது. பிரேக் சரியாக வேலை செய்யாது. ஃப்ளாப்பை உடனே ஏற்றிவிட்டால் எடை முழுவதும் சக்கரங்களுக்கு வந்து ஓட்டம் சீக்கிரம் அடங்கும். குட்டையான ஓடுபாதையில் இறங்குவதற்கு இது ஒரு முறையாகவே சொல்லித்தரப்பட்டது. ஆக, அந்த நேரத்தில் விமானியின் கை ஃப்ளாப்பைத் தேடிப் போவதற்கு நியாயமான காரணம் உண்டு. கண்ணோ ஓடுபாதையை விட்டு அகல முடியாது. விமானம் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது, காற்று பக்கவாட்டில் தள்ளக்கூடும். பார்வை வெளியே இருக்க, கை மட்டும் உள்ளே தடவித் தேடுகிறது. அப்படித் தேடும் கைக்குக் கிடைப்பது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு சுவிட்சாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வரலாறு முழுவதும்.

இதை முதன்முதலில் சரியாகப் பார்த்தவர் விமானியும் அல்ல, பொறியாளரும் அல்ல, ஓர் உளவியலாளர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, அமெரிக்க ராணுவ விமானப் படையின் ஆய்வு மையமாக இருந்த ஓஹாயோ மாநிலத்து ரைட் ஃபீல்டில் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் அதிகாரி பணியில் இருந்தார். பி-17, பி-25, பி-47 (P-47) போன்ற போர் விமானங்களை ஓட்டியவர்கள் இறங்கிய பிறகு ஃப்ளாப்புக்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவது ஏன் என்று கண்டறியும் வேலை அவரிடம் வந்தது. தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த விமானிகள் அவர்கள். குண்டு மழைக்கு நடுவே போய் உயிரோடு திரும்பியவர்கள், சொந்தத் தளத்தில் தரைதொட்ட பின் விமானத்தை உடைத்தார்கள். களைப்பு, கவனக்குறைவு, பயிற்சிக் குறைவு என்று வழக்கமான விளக்கங்கள் தயாராக இருந்தன. சப்பானிஸ் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் ஃப்ளாப்புக்கும் உரிய சுவிட்சுகளோ நெம்புகோல்களோ அடுத்தடுத்து, ஏறத்தாழ ஒரே உருவத்தில் இருந்தன. பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையின் முதல் உறுதியான சான்று. இந்தத் தவறு நடக்காத விமானம் ஏதாவது உண்டா என்று தேடினார். உண்டு: சி-47. விடுதலைக்குப் பின் நம் நாட்டுப் பயணிகள் விமானச் சேவையிலும், 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைகளை ஏற்றிச் சென்றபோதும் ஓடிய அதே டகோட்டா. அதில் இரண்டு கட்டுப்பாடுகளும் தள்ளித் தள்ளி இருந்தன. இயக்கும் விதமும் வேறுவேறு. அதை ஓட்டியவர்கள் தரையில் சக்கரத்தை மடக்கவில்லை. அவர்களுக்கும் அதே களைப்பு, அதே போர், அதே பயிற்சிப் பள்ளி. மாறியிருந்தது கட்டுப்பாட்டுப் பலகை மட்டுமே.

சப்பானிஸ் செய்த திருத்தம் ஒரு சிறுவன்கூடச் செய்துவிடக்கூடியது. சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் ரப்பர் டயர் போட்ட சின்னச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். ஃப்ளாப் கட்டுப்பாட்டின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். கண் பார்க்காவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அப்படி மாற்றிய விமானங்களில் தவறு நின்றது. போர் முடியும் தறுவாயில், 1945-ல், அதே ரைட் ஃபீல்டில் பால் ஃபிட்ஸ் தலைமையில் உளவியல் பிரிவு ஒன்று அமைந்தது. ஃபிட்ஸும் அவருடன் பணிபுரிந்த ஜோன்ஸும் விமானிகளிடம் அவர்கள் செய்த, அல்லது கண்ணால் கண்ட தவறுகளைக் கேட்டு வாங்கி, ‘விமானி பிழை’ என்று சொல்லப்பட்ட 460 நிகழ்வுகளை 1947-ல் வகைப்படுத்தினார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒன்றைத் தொட நினைத்து இன்னொன்றைத் தொட்டவை. அந்த அறிக்கையில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும். எஞ்சினுக்கான மூன்று நெம்புகோல்கள் இடமிருந்து வலமாக பி-25 விமானத்தில் திராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது), விசிறி, எரிகலவை என்று இருக்கின்றன. சி-47-ல் விசிறி, திராட்டில், எரிகலவை. சி-82-ல் எரிகலவை, திராட்டில், விசிறி. ஒரே படையின் விமானி இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் ஓட்ட வேண்டும். அதே ஆண்டில் ஜென்கின்ஸ் என்பவர், தொட்டுப் பார்த்தே பிரித்தறியக்கூடிய குமிழ் வடிவங்கள் எவையென்று சோதித்து வெளியிட்டார். ஆக 1947 முடிவதற்குள் நோயின் பெயர், அது வரும் வழி, மருந்து, மருந்து வேலை செய்கிறது என்ற நிரூபணம் எல்லாம் அச்சில் வந்துவிட்டன.

அதே 1947-ல்தான் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பீச் நிறுவனம் பொனான்சா என்ற சிறு விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1945 டிசம்பரில் முதல்முறை பறந்த இது, அதன் காலத்துக்கு மிக முன்னேறிய விமானம். உலோக உடல், வி எழுத்துப் போல விரிந்த வால், மின்மோட்டாரால் மடங்கும் சக்கரங்கள். நான்கு பேர் குடும்பமாக உட்காரும் விமானத்துக்கு அந்தக் காலத்தில் அரிதாக இருந்த வேகத்தைக் கொண்டுவந்தது. எல்லா வகைகளையும் சேர்த்தால் 17,000-க்கும் மேல் கட்டப்பட்டன. அதன் சுவிட்சுப் பலகையில் ஃப்ளாப் இடப்பக்கமும் சக்கரம் வலப்பக்கமும் இருந்தன. மற்றத் தயாரிப்பாளர்கள் பின்னாளில் வழக்கமாக்கிக்கொண்டதற்கு இது நேர் எதிர். தொடக்க கால விமானங்களில் இரண்டும் பியானோக் கட்டை போன்ற ஒரே மாதிரிச் சுவிட்சுகள். பீச் நிறுவனத்தாரைக் குற்றம் சொல்லும்முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகையை வரைந்த காலத்தில் சிறு விமானங்களுக்கு எது எங்கே இருக்க வேண்டும் என்ற பொது வழக்கம் உருவாகவே இல்லை. ரைட் ஃபீல்டின் அறிக்கைகளும் அப்போது வெளிவந்திருக்கவில்லை. அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. பிழை அங்கே தொடங்கவில்லை; அதன் பிறகு வந்த ஆண்டுகளில்தான் சேர்ந்தது. 1961-ல் அதே பீச் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ‘பேரன்’ (Baron) என்ற இரட்டை எஞ்சின் விமானமும் இதே குடும்பப் பலகையைச் சுமந்து வந்தது. போதாததற்கு அதில் விசிறி நெம்புகோல்கள் இடப்பக்கமும் திராட்டில்கள் நடுவிலும் இருந்தன.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1967-ல் தொடங்கப்பட்டது. வடிவமைப்பால் தூண்டப்படும் விமானி பிழை என்ற கருத்து அந்த ஆண்டிலேயே அரசு ஆய்வு ஒன்றின் தலைப்பாக வந்துவிட்டது. ஆனால் குறிப்பிட்ட விமானங்களின் பெயரைச் சொல்லி, எண்களை அடுக்கி வாரியம் பேசியது 1980-ல்தான். 1975 முதல் 1978 வரை நடந்த, தவறுதலாகச் சக்கரம் மடங்கிய விபத்துகளை அது எடுத்துக்கொண்டது. மடங்கும் சக்கரமுள்ள ஒற்றை எஞ்சின் விமானங்களில் பொனான்சாவின் பங்கு 30 விழுக்காடு. அந்த வகை விபத்துகளில் அதன் பங்கு 67 விழுக்காடு. இரட்டை எஞ்சின் சிறு விமானங்களில் பேரனின் பங்கு 16 விழுக்காடு, விபத்துகளில் 54. இந்த எண்களைக் கொஞ்சம் பிசைந்து பார்த்தால் அவற்றின் கனம் தெரியும். விமானம் ஒன்றுக்கு எத்தனை விபத்து என்று கணக்கிட்டால் பொனான்சாவுக்கு மற்றவற்றைவிட ஏறத்தாழ நாலேமுக்கால் மடங்கும், பேரனுக்கு ஆறு மடங்கும் வருகிறது. வாரியம் காரணங்களையும் வரிசைப்படுத்தியது: வழக்கத்துக்கு மாறான இடம்; தொட்டுப் பிரித்தறியப் போதாத குமிழ் வடிவம்; சக்கரச் சுவிட்சு தவறுதலாக நகராமல் தடுக்கும் காப்பு போதாமை; விமானியின் பார்வைக்கும் கைக்கும் குறுக்கே, கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கனத்த குறுக்குத் தண்டு. இந்த நான்கில் இரண்டாவதைச் சப்பானிஸ் போர்க்காலத்திலேயே கண்டுவிட்டார்.

எண்கள் ஏமாற்றும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். மேலே கண்டது விமானங்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. எத்தனை முறை இறங்கின என்பதை வைத்துப் போட்டது அல்ல. பொனான்சாக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் பறந்திருந்தால் அதிகம் இறங்கியிருப்பார்கள், விபத்தும் கூடியிருக்கும். சரிதான். ஆனால் நாலேமுக்கால் மடங்கு வித்தியாசத்தை இதைக் கொண்டு மூட வேண்டுமானால் பொனான்சாக்கள் நாலேமுக்கால் மடங்கு அதிகம் இறங்கியிருக்க வேண்டும். போட்டி விமானங்களும் இதே போன்ற ஆட்களால், இதே போன்ற பயணங்களுக்காக வாங்கப்பட்டவை. அப்படி ஓர் இடைவெளிக்கு வழியே இல்லை. இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது: பணம் படைத்த, அனுபவம் குறைந்த ஆட்கள் பொனான்சாவை விரும்பி வாங்கினார்கள், பிழை வாங்கியவர்களிடம் இருக்கிறது, விமானத்தில் இல்லை. இதற்குப் பதில் பேரனிடம் இருக்கிறது. இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டத் தனித் தகுதி வேண்டும். அதற்குமுன் பல மணி நேரப் பறத்தல் சேர்ந்திருக்கும். ஆட்கள் மாறினார்கள், அனுபவம் கூடியது, எஞ்சின் எண்ணிக்கை மாறியது. மாறாமல் இருந்தது பலகையின் வரிசை. விபத்துகளின் மிகை குறையவில்லை, கூடத்தான் செய்தது. சப்பானிஸுக்கு டகோட்டா செய்த உதவியை, தலைகீழாக நின்று, பேரன் நமக்குச் செய்கிறது.

பயிற்சிதான் தீர்வு என்பவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்க விமானப் பயிற்றுநர்கள் இந்த விபத்தை நன்கு அறிந்தவர்கள். ஓடுபாதையை விட்டு விலகி நிற்கும்வரை ஃப்ளாப்பைத் தொடாதே. தொடும்முன் கண்ணால் பார், வாயால் சொல், பிறகு நகர்த்து என்று அவர்கள் சொல்லித்தருவது நல்ல பாடம். அதைக் கடைப்பிடித்தவர்கள் விமானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி என்பது ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு இறக்கத்திலும் புதிதாக வெற்றிபெற வேண்டிய ஒன்று. குமிழை மாற்றும் வேலை ஒரு தடவையோடு முடிந்துவிடும். பயிற்சியின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வேறொரு விமானத்தில் நூற்றுக்கணக்கான முறை இறங்கி, ஃப்ளாப் வலப்பக்கம் என்று கையில் ஊறிய விமானி பொனான்சாவில் ஏறும்போது, அவருடைய நல்ல பழக்கமே அவர் கையைச் சக்கரச் சுவிட்சுக்கு இழுத்துக்கொண்டு போகும். நன்றாகப் பயின்றவர் என்பதாலேயே தவறுகிறார். சப்பானிஸ் பின்னாளில், 1959-ல், லிண்டன்பாம் என்பவருடன் சேர்ந்து நான்கு பர்னர் அடுப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். எந்தக் குமிழ் எந்தப் பர்னருக்கு என்பது இட அமைப்பிலேயே விளங்கும்படி பர்னர்களைச் சற்று விலக்கி வைத்த அடுப்பில் ஒருவரும் தவறு செய்யவில்லை. வழக்கமான சதுர அமைப்பில், ஆற அமர இருந்து செய்தவர்களும் தவறினார்கள். நம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் வைக்காத பர்னரைப் பற்றவைப்பவர் யாரையும் நாம் சமைக்கத் தெரியாதவர் என்று சொல்வதில்லை.

கருவியே காப்பாற்றியிருக்க வேண்டாமா என்றும் கேட்கலாம். தரையில் இருக்கும்போது சக்கரம் மடங்காதபடி பல விமானங்களில் ஒரு பாதுகாப்புச் சுவிட்சு உண்டு. சக்கரக் காலின் அதிர்வுதாங்கி அமுங்கியிருந்தால் மடக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தில் இது கச்சிதமாக வேலை செய்யும். தரைதொட்ட முதல் சில நொடிகளிலோ, நான் முன்பு சொன்னபடி, இறக்கை இன்னும் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதிர்வுதாங்கி முழுதாக அமுங்குவதில்லை. மேடு பள்ளத்தில் ஒரு துள்ளு துள்ளினாலும் போதும், தாங்கி நீண்டு மின்சுற்று இணைந்துவிடும். பூட்டு அவிழ்ந்தபின் சுவிட்சைத் திருப்பி வைத்துப் பயனில்லை. மீதியை விமானத்தின் எடையே முடித்துவிடும். ஃப்ளாப்பை ஏற்ற விமானி ஆசைப்படுவதும் இதே நொடிகளில்தான், எடை இன்னும் சக்கரத்துக்கு வரவில்லை என்பதால்தான். காப்பு எப்போது தேவையோ அப்போது அது செயலற்றுக் கிடக்கும்படி அமைந்துவிட்டது. பிழை எந்த நொடியில் நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காமல் செய்த காப்புக்கு இதுதான் கதி.

இப்படிப் பேசினால் விமானியை விடுவித்துவிடுகிறோம், நாளைக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்ற அச்சம் எழும். பொறுப்பையும் காரணத்தையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் அச்சம் இது. விமானத்தின் தலைவர் விமானி. அதில் நடப்பதற்கெல்லாம் அவரே பொறுப்பு. உரிமம் அவருடையது, காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்தும் அவருடையது. அதில் எதையும் குறைக்க நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணை என்பது தண்டனைக்காக நடப்பது அல்ல, அடுத்த விமானம் உடையாமல் இருக்க நடப்பது. அந்த நோக்கத்துக்கு, யார் தொட்டார் என்ற கேள்வி பாதி வழிதான். ஏன் அதைத் தொட்டார், அதே சூழலில் வேறு விமானத்தில் இருந்தவர் ஏன் தொடவில்லை என்று கேட்காமல் நிறுத்திய ஒவ்வொரு விசாரணையும் அடுத்த விபத்தைத் தடுக்கும் வாய்ப்பை இழந்தது. ஒரே தவறு ஒருவரிடம் ஒருமுறை நிகழ்ந்தால் அது அவருடைய பிழை. முன்பின் அறியாத பலரிடம், ஒரே வகை விமானத்தில், ஒரே நொடியில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் அதை இனியும் அவரவர் பிழை என்று எழுதிக்கொண்டிருப்பது நேர்மையல்ல.

பின் ஏன் இவ்வளவு காலம்? முதல் காரணம், யாரும் சாகவில்லை. விபத்துப் பாதுகாப்பின் வரலாற்றைப் பார்த்தால் விதிகள் பெரும்பாலும் சாவுகளுக்குப் பிறகே பிறந்திருக்கின்றன. வளைந்த விசிறி, பிரித்துப் பார்க்க வேண்டிய எஞ்சின், நசுங்கிய வயிற்றுத் தகடு: இவற்றைக் காப்பீட்டு நிறுவனம் சத்தமில்லாமல் கட்டிவிடும். உரிமையாளர் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார். ஆனால் இதே குழப்பம் தலைகீழாக நடந்தால் வெட்கத்தோடு முடியாது. இறங்காமல் மீண்டும் மேலேறும் விமானத்தில், சக்கரத்தை மடக்க நினைத்து ஃப்ளாப்பை ஏற்றிவிட்டால், தரைக்குச் சற்று மேலே, வேகம் குறைந்த நிலையில், தூக்குவிசை திடீரென்று போய்விடும். இரண்டாவது காரணம் சட்டத்தின் இயல்பு. அமெரிக்காவில் ஒரு விமான வகைக்குச் சான்றிதழ் தரும்போது நடப்பிலிருந்த விதிகளே அதற்குத் தொடர்ந்து பொருந்தும். பின்னால் வரும் விதி பழைய விமானத்தைத் தானாகக் கட்டாயப்படுத்தாது. 1940-களின் விதிப்படி சான்றிதழ் பெற்ற பொனான்சா, வகை மேல் வகையாகப் புதுப்பிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் அதே நிழலில் விற்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புது விதிக்கும் பழைய விமானங்களை எல்லாம் பிரித்துக் கட்டச் சொன்னால் சிறு விமானம் வைத்திருப்பவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். ஆனால் அந்த ஆண்டுகளில் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவந்துகொண்டிருந்த விமானங்களுக்கும் இந்தச் சலுகை நீண்டதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது காரணத்தைத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து பார்க்க வேண்டும். அது உண்மையிலேயே கடினமானது. ஆயிரக்கணக்கானவர்களின் கை ஏற்கெனவே ஃப்ளாப் இடப்பக்கம் என்று பழகிவிட்டது. இன்று வரிசையை மாற்றினால், பழைய பொனான்சாவிலிருந்து புதியதற்கு மாறும் விசுவாசமான வாடிக்கையாளர் அதே விபத்தில் சிக்குவார். இரண்டு வகையும் ஒரே கொட்டகையில் நிற்கும் பறத்தல் சங்கத்தில் ஆபத்து இன்னும் கூடும். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இது இடத்தை மாற்றுவதற்கு எதிரான வாதம் மட்டுமே. குமிழின் உருவத்தை நன்றாக வேறுபடுத்துவதற்கோ, இழுத்தாலொழிய நகராத உறுதியான காப்பு போடுவதற்கோ எதிராக இதில் ஒரு சொல்லும் இல்லை. பழகிய கையை எந்த விதத்திலும் ஏமாற்றாத திருத்தங்கள் அவை. மேலும், மாற்றத்தின் ஆபத்து காலம் கடக்கக் கடக்கக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 1950-ல் மாற்றியிருந்தால் குழம்பியிருக்கக்கூடியவர்கள் சிலர். தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் பழைய வரிசைக்குப் பழகிய கைகளைப் பெருக்கி, அதையே மாற்றாமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டியது.

எதிர்த்திசையில் போன ஒரு முயற்சியையும் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. 1967-ல் வந்த பைப்பர் ஆரோ விமானம், விமானி சக்கரத்தை இறக்க மறந்துவிட்டாலும், வேகமும் எஞ்சின் விசையும் குறைவதை உணர்ந்து தானாகவே சக்கரத்தை இறக்கிவிடும். விமானியின் மறதிக்கு இயந்திரம் பொறுப்பேற்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் எஞ்சின் நின்றுபோய் மிதந்து வரும் விமானத்திலும் அதே வேகமும் அதே விசைக் குறைவும்தானே இருக்கும்? அப்போது சக்கரம் தானாக இறங்கினால் காற்றின் இழுவை கூடி, எட்டிவிடக்கூடிய வயலை எட்ட முடியாமல் போகலாம். ஆகவே அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்க விமானிக்கு ஒரு நெம்புகோலும் கொடுக்க வேண்டியிருந்தது; அது நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது. வடிவமைப்பைத் திருத்தச் சொல்வது என்றாலே விமானியின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கி இயந்திரத்திடம் கொடுப்பது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். டயர் போட்ட குமிழ் எதையும் பிடுங்கவில்லை. விமானிக்குப் பதிலாக எதையும் முடிவுசெய்யவும் இல்லை. அவர் எதைச் செய்ய நினைத்தாரோ அதையே அவர் கை செய்வதற்கு உதவியது, அவ்வளவுதான்.

1980-களின் நடுவில் பீச் நிறுவனம் புதிய பொனான்சாக்களிலும் பேரன்களிலும் வரிசையை மாற்றியது. சக்கரம் இடப்பக்கம் வந்தது, ஃப்ளாப் வலப்பக்கம் போனது. அதே பத்தாண்டில் திருத்தப்பட்ட அமெரிக்கச் சிறு விமான விதிகளும் இதையே வெளிப்படையாகச் சொல்லின. சக்கரக் கட்டுப்பாடு திராட்டிலின் மையக்கோட்டுக்கு இடப்புறம் இருக்க வேண்டும். ஃப்ளாப் கட்டுப்பாடு நடுவிலோ வலப்புறமோ, சக்கரக் கட்டுப்பாட்டோடு குழம்பாத அளவு விலகி இருக்க வேண்டும். சக்கரக் குமிழ் சக்கரம் போலவும் ஃப்ளாப் குமிழ் இறக்கையின் குறுக்குவெட்டு போலவும் இருக்க வேண்டும். இன்று எந்தப் பயணிகள் விமானத்தின் விமானி அறையை எட்டிப் பார்த்தாலும் சக்கர நெம்புகோலின் முனையில் அந்தச் சின்னச் சக்கரத்தைக் காணலாம். ரைட் ஃபீல்டில் ஒட்டவைத்த அந்தச் சிறு துண்டு சிறு விமானங்களின் உலகம் முழுவதற்கும் வந்துசேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வடிவமைத்தவர்களுக்கு அறிவு இல்லாததால் அல்ல. விபத்துக்குக் காரணம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று எல்லாரும் நம்பியதால்.

பழைய வரிசையோடு பொனான்சாக்களும் பேரன்களும் இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன. சட்டப்படி அதில் தவறில்லை. பறக்கக் கற்றுக்கொண்டு, என்றைக்காவது அவற்றில் ஒன்றில் ஏறி உட்காரப்போகும் இளைஞர்கள் இதைப் படிக்கக்கூடும். எஞ்சினைக் கிளப்பும்முன் அந்தப் பலகையை நிதானமாகப் பாருங்கள், இரண்டு சுவிட்சுகளையும் கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். இறங்கிய பிறகு, ஓடுபாதையை விட்டு விலகி முழுதாக நிற்கும்வரை இரண்டில் எதையும் தொடாதீர்கள். விபத்து அறிக்கை எழுதும் இடத்துக்கு நாளை வரப்போகிறவர்கள், யார் தொட்டார் என்று எழுதிய பிறகும் பேனாவை மூடாதீர்கள்; எழுந்துபோய் அந்த விமானி உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.